மதமும் அரசியலமைப்பும்: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனசமூக நிலையங்களிலும், உயர்தர அரசறிவியல் வகுப்புகளிலும், கோயில் பொதுக்கூட்டம் முடிந்து செருப்புத் தேடும் நேரத்திலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். கேட்டவர்களின் பேச்சிலேயே பெரும்பாலும் விட்டிருக்கிறேன். பதில்களில் சட்டமும் உண்டு, என் அபிப்பிராயமும் உண்டு. எது எது என்பது வாசிக்கும்போதே தெரியும். வழக்குப் போட நினைப்பவர்கள் சட்டத்தரணி ஒருவரைப் பார்க்கத்தான் வேண்டும்.

இலங்கை சட்டப்படி பௌத்த நாடா?

இல்லை. மதச்சார்பற்ற நாடு என்றும் அரசியலமைப்புச் சொல்லவில்லை. 1978 அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்த மதத்துக்கு முதன்மைத்தானம் கொடுக்கிறது. பௌத்த சாசனத்தைப் பாதுகாப்பதும் வளர்ப்பதும் அரசின் கடமை என்கிறது. அதே வாக்கியத்தில், 10ஆம் உறுப்புரையும் 14(1)(உ) உறுப்புரையும் வழங்கும் உரிமைகளை எல்லா மதங்களுக்கும் உறுதிப்படுத்துகிறது. அரச மதம் என்ற சொல் அதில் எங்கும் இல்லை.

அந்தச் சொல்லைச் சேர்க்க முயற்சி நடந்தது. 2004 ஏப்ரல் தேர்தலில் பிக்குகளை மட்டுமே வேட்பாளர்களாக நிறுத்தி 9 ஆசனங்கள் பெற்ற ஜாதிக ஹெல உறுமய, அதே ஆண்டில் பௌத்தத்தை அரச மதமாக்கும் திருத்தச் சட்டமூலம் ஒன்றைக் கொண்டுவந்தது. பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும் என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. விஷயம் அத்தோடு நின்றது. 2007இல் வேறொரு வழக்கில் அதே நீதிமன்றம் இலங்கை மதச்சார்பற்ற நாடு என்றே எழுதிவிட்டது. எங்கள் பக்கத்தில் சிலர் அந்த வரியை வெட்டி ஒட்டி வைத்திருக்கிறார்கள். அது ஒலிபெருக்கிச் சத்தம் பற்றிய வழக்கு. அதை அளவுக்கு மீறி நம்ப வேண்டாம்.

இந்த முதன்மைத்தானம் எப்ப வந்தது? வெள்ளைக்காரன் காலத்திலயே இருந்ததோ?

1815 மார்ச் 2ஆம் திகதி கண்டிப் பிரதானிகளோடு ஆங்கிலேயர் செய்த உடன்படிக்கையின் 5ஆம் பிரிவில் பௌத்தத்துக்குப் பாதுகாப்பு உறுதி இருந்தது. அது கண்டி மாகாணங்களுக்கானது. யாழ்ப்பாணத்துக்கு அதில் பங்கில்லை. இங்கே 1658இலிருந்து ஒல்லாந்தர், அவர்களுக்குப் பின் ஆங்கிலேயர். கண்டி இராச்சியம் எங்களை ஆண்டு எங்கள் சார்பில் கையெழுத்திடவில்லை.

சுதந்திரத்தோடு வந்த சோல்பரி அரசியலமைப்பில் முதன்மைத்தானம் எதுவும் இல்லை. மாறாக அதன் 29(2) பிரிவு பாராளுமன்றத்தின் கையைக் கட்டியது. எந்த மதத்தையும் சுதந்திரமாகப் பின்பற்றுவதைத் தடுக்கும் சட்டம் இயற்ற முடியாது. ஒரு சமூகத்தாருக்கோ மதத்தாருக்கோ மட்டும் சலுகை கொடுக்கவோ, மற்றவர்களுக்கு இல்லாத பாதகத்தைச் சுமத்தவோ முடியாது. மத அமைப்பொன்றின் யாப்பை அதன் நிர்வாகத்தின் சம்மதமின்றி மாற்றவும் முடியாது. மீறிய சட்டம் மீறிய அளவுக்குச் செல்லாது. இலஞ்ச ஆணையாளர் எதிர் ரணசிங்க வழக்கில் 1964இல், அன்று எங்கள் மேன்முறையீடுகளின் கடைசி நீதிமன்றமாக இருந்த லண்டன் பிரிவிக் கவுன்சில், இந்த ஏற்பாடு குடிமக்களுக்கிடையிலான உரிமைகளின் பெருமதிப்புக்குரிய சமநிலை என்ற கருத்துப்பட எழுதியது.

1972 மே 22ஆம் திகதி குடியரசு அரசியலமைப்பு வந்தது. 29ஆம் பிரிவு போயிற்று, 6ஆம் பிரிவாக முதன்மைத்தானம் வந்தது. அதை நடத்திக் கொடுத்த அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வா, லங்கா சமசமாஜக் கட்சியின் மார்க்சியவாதி. 1956இல் ஒரு மொழி என்றால் இரண்டு நாடு என்று எச்சரித்த அதே ஆள். இது தற்செயலாக நடந்ததல்ல. கூட்டணி ஆட்சியில் மதத்துக்கு விலை பேசப்படும்போது இடதுசாரி வலதுசாரி பேதம் இருப்பதில்லை. 1978இல் ஜே. ஆர். ஜயவர்தன அந்த ஏற்பாட்டை 9ஆம் உறுப்புரைக்குக் கொண்டுபோனபோது பௌத்த மதத்தை வளர்ப்பது என்பது பௌத்த சாசனத்தை வளர்ப்பது என்றாயிற்று. சாசனம் என்றால் போதனை, பிக்குகள், விகாரைகள், அவற்றின் உடைமைகள் எல்லாம் அடங்கும். வடக்கில் இன்றுள்ள காணிச் சிக்கல்களைப் பார்ப்பவருக்கு அந்த மாற்றம் சிறியதாகத் தெரியாது.

29ஆம் பிரிவு இருந்திருந்தால் எங்களுக்கு இந்த நிலை வந்திராது எண்டு பெரியாக்கள் சொல்லுகினம். சரிதானே?

எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. அந்தப் பிரிவு உயிரோடு இருந்த காலத்தில்தான் மலையகத் தமிழரின் குடியுரிமையும் வாக்குரிமையும் போயின. அதை எதிர்த்து கோடகன்பிள்ளை வழக்கு பிரிவிக் கவுன்சில் வரை போனது. 1953இல் சட்டம் செல்லும் என்றே தீர்ப்பு வந்தது. தனிச் சிங்களச் சட்டமும் 1956இல் அதே பிரிவின் கண் முன்னால்தான் நிறைவேறியது. சிங்களப் பரீட்சை எழுதாததால் சம்பள உயர்வு நிறுத்தப்பட்ட அரச ஊழியர் கோடீஸ்வரனின் வழக்கில் 1964இல் மாவட்ட நீதிமன்றம் மொழிச் சட்டம் 29ஆம் பிரிவை மீறுகிறது என்று துணிந்து சொன்னது. அரச ஊழியர் சம்பளத்துக்காக அரசின் மீது வழக்குத் தொடர முடியாது என்ற காரணத்தைப் பிடித்து உயர் நீதிமன்றம் 1967இல் அதைக் கவிழ்த்தது. 1969இல் பிரிவிக் கவுன்சில் ஊழியர் வழக்குத் தொடரலாம் என்றது. மொழிச் சட்டம் செல்லுமா என்ற மூலக் கேள்வியைத் தொடாமல் திருப்பி அனுப்பியது. அந்தக் கேள்விக்கு விடை வருமுன் 29ஆம் பிரிவே இல்லாமல் போய்விட்டது.

ஆகவே காகிதத்தில் நல்ல பிரிவு இருப்பது ஒன்று. நீதிபதிகள் அதைக் கையில் எடுப்பது இன்னொன்று.

அப்ப எங்கட தலைவர்மார் என்ன செய்தவை?

தமிழரசுக் கட்சி, 1972 அரசியலமைப்பை எழுதிய அரசியல் நிர்ணய சபைக்குப் போனது, வாதாடியது, 1971 நடுப்பகுதியில் வெளியேறியது. 1976 மே 14ஆம் திகதி பண்ணாகத்தில் நிறைவேறிய வட்டுக்கோட்டைத் தீர்மானத்தைப் பலர் தனிநாடு என்ற ஒரே வரியோடு ஞாபகம் வைத்திருக்கிறார்கள். அதிலேயே அந்த நாடு மதச்சார்பற்றதாக இருக்கும், எல்லா மதங்களுக்கும் சமமான பாதுகாப்பும் உதவியும் கொடுக்கும் என்று எழுதியிருக்கிறது. தீண்டாமையை ஒழிப்பதும் அதில் உண்டு. அந்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய செல்வநாயகம் கிறிஸ்தவர். சைவர்கள் பெரும்பான்மையாக இருந்த காங்கேசன்துறைத் தொகுதி, 1952இல் சேர். பொன். இராமநாதனின் மருமகன் சு. நடேசபிள்ளையிடம் அவர் தோற்ற ஒரு தடவை நீங்கலாக, தொடர்ந்து அவரையே தெரிவு செய்தது. எங்கள் அரசியலில் நான் பெருமைப்படும் சில விஷயங்களில் இது ஒன்று.

2017 செப்டெம்பரில், புதிய அரசியலமைப்புக்கான பாராளுமன்ற வழிநடத்தல் குழுவின் இடைக்கால அறிக்கை வந்தபோது தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு, கொள்கையளவில் நாடு மதச்சார்பற்றதாக இருக்க வேண்டும், ஆனால் ஏனைய கட்சிகளிடையே பொது இணக்கம் இருந்தால் பௌத்தத்துக்கு முதன்மைத்தானம் கொடுப்பதை ஏற்போம் என்றது. இங்கே அதற்குக் கிடைத்த ஏச்சு கொஞ்சமல்ல. எனக்கு அது துரோகமாகத் தெரியவில்லை, பேரம் பேசுபவரின் கணக்காகத்தான் தெரிந்தது. கொடுத்ததற்குப் பதிலாக எதையும் பெறவில்லை என்பதுதான் அந்தக் கணக்கின் பிழை. புதிய அரசியலமைப்பே வரவில்லையே.

ஜனாதிபதி பௌத்தராக இருக்க வேணும் எண்டு சட்டம் இருக்கா?

இல்லை. வழக்கம்தான். பிரதமர் பதவிக்கும் அதே வழக்கம்தான். 1956இல் பிரதமரான எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க அங்கிலிக்கன் குடும்பத்தில் பிறந்து பௌத்தரானவர். அவரைக் கொண்டுவந்த அலையில் பிக்குகள் முன்னணியில் நின்றார்கள். 1958 ஏப்ரலில் பிக்குகள் அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து, தமிழருக்கு அதிகாரம் பகிர்வதாகச் செல்வநாயகத்தோடு செய்த பண்டா–செல்வா ஒப்பந்தத்தைக் கைவிட வைத்தார்கள். 1959 செப்டெம்பரில் அவரைச் சுட்டவரும் பிக்கு.

9ஆம் உறுப்புரையை வைத்து நீதிமன்றம் உண்மையிலே ஏதும் தீர்ப்புச் சொல்லியிருக்கா, அல்லது அது வெறும் அலங்காரமா?

சொல்லியிருக்கிறது. நேரடியாகச் சொன்ன இடங்கள் குறைவு.

2003இல் மென்சிங்கன் கன்னியர் சபையைக் கூட்டிணைக்கும் சட்டமூலம் வந்தது. பல தசாப்தங்களாகப் பாடசாலைகளிலும் மருத்துவமனைகளிலும் வேலை செய்த கத்தோலிக்கச் சகோதரிகள் அவர்கள். உயர் நீதிமன்றம் அந்தச் சட்டமூலத்தில் சேவையும் போதனையும் சேர்ந்திருப்பதைப் பிடித்துக்கொண்டது. இந்திய அரசியலமைப்பின் 25ஆம் உறுப்புரையில் மதத்தைப் பரப்பும் உரிமை உண்டு, எங்கள் அரசியலமைப்பில் அது இல்லை என்றது. பொருளுதவியோடு சேர்த்து மதத்தைப் பரப்புவது 9ஆம் உறுப்புரையோடும் பொருந்தாது என்றது. கன்னியர் ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் குழுவுக்குப் போனார்கள். 2005இல் குழு, இலங்கை மத சுதந்திரத்தையும் சமத்துவத்தையும் மீறிவிட்டது என்று முடிவு சொன்னது. கையில் ஒன்றும் கிடைக்கவில்லை. மறு ஆண்டு சிங்கராசா வழக்கில் உயர் நீதிமன்றம், அந்தக் குழுவிடம் முறையிடும் வழியைத் திறந்த இணக்கமே அரசியலமைப்புக்கு முரண் என்றது.

கன்னியர் வழக்குக்கு அடுத்த வருடம், 2004இல், அதே நீதிமன்றம் எதிர்ப்பக்கமாகவும் நின்றது. ஜாதிக ஹெல உறுமயவின் ஓமல்பே சோபித தேரர் கொண்டுவந்த பலவந்த மதமாற்றத் தடைச் சட்டமூலத்தின் முக்கிய வாசகங்கள் 10ஆம் உறுப்புரைக்கு முரண், சர்வசன வாக்கெடுப்பு இல்லாமல் நிறைவேற்ற முடியாது என்றது. அது சட்டமாகவில்லை.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். 9ஆம் உறுப்புரை தனியாக நின்று யாரையும் தண்டிப்பதில்லை. ஓர் அதிகாரியோ பொலிஸோ நீதிபதியோ இரண்டு மனதாக இருக்கும் இடத்தில் எந்தப் பக்கம் சாய்வது என்பதை அது சொல்லிக் கொடுக்கிறது. வடக்கில் அதன் வேலை தீர்ப்புகளில் நடப்பதைவிடத் திணைக்களங்களின் கடிதங்களில் நடப்பதே அதிகம். 2008 ஒக்டோபரில் மத விவகார அமைச்சு புதிய வழிபாட்டிடங்களுக்குத் தன் அனுமதி வேண்டும் என்று அனுப்பிய சுற்றறிக்கை அப்படியொன்று. பாராளுமன்றம் இயற்றாத அந்தக் காகிதத்தைக் காட்டி எத்தனையோ சிறிய ஜெபக்கூடங்களை மூடச் சொல்லியிருக்கிறார்கள்.

10க்கும் 14க்கும் என்ன வித்தியாசம்? மாணவர்கள் எப்பவும் குழம்புற இடம்.

10ஆம் உறுப்புரை மனதுக்குள் நடப்பது: சிந்தனை, மனச்சாட்சி, விரும்பிய மதத்தைக் கொண்டிருப்பது அல்லது ஏற்பது. இதற்கு எந்த மட்டுப்பாடும் இல்லை. அவசரகாலத்திலும் இல்லை. மாற்றுவதென்றால் 83ஆம் உறுப்புரைப்படி சர்வசன வாக்கெடுப்பு வேண்டும். 9ஐ மாற்றவும் அதே பூட்டுத்தான்.

14(1)(உ) வெளியில் நடப்பது: வழிபாடு, அனுட்டானம், சாதனை, போதனை. தனியாகவோ கூட்டாகவோ, வீட்டுக்குள்ளோ வெளியிலோ. தேசியப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம் என்ற பெயரில் 15(7) இதை மட்டுப்படுத்த விடுகிறது. இந்த உறுப்புரை 83இன் பட்டியலில் இல்லை. தேர்வுக்குப் படிக்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம், கேட்பார்கள்.

மட்டுப்பாடு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2020 சாட்சி. கொவிட்டில் இறந்தவர்களை எரிக்கத்தான் வேண்டும் என்று ஏப்ரலில் வர்த்தமானி வந்தது. உலக சுகாதார நிறுவனம் அடக்கம் செய்யலாம் என்றிருந்தும் அரசு கேட்கவில்லை. முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் போட்ட மனுக்களை உயர் நீதிமன்றம் டிசம்பர் 1ஆம் திகதி விசாரணைக்கே எடுக்காமல் தள்ளியது. 2021 பெப்ரவரி கடைசியில் அடக்கத்துக்கு அனுமதி வந்தபோது முதலில் காட்டிய இடம் எங்கள் இரணைதீவு. அங்கிருந்த கத்தோலிக்க மீனவக் குடும்பங்கள் எதிர்த்தார்கள். கடைசியில் மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடி. ஒரு சிறுபான்மையின் பிணத்தை இன்னொரு சிறுபான்மையின் காணியில் இறக்கிவிட்டு, அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளட்டும் என்று விடுவது பழைய தந்திரம். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது.

தையிட்டி விகாரைப் பிரச்சினை மதப் பிரச்சினையா, காணிப் பிரச்சினையா?

காணிப் பிரச்சினை. இதை ஒவ்வொரு மேடையிலும் திருப்பித் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

தையிட்டி உள்ள வலிகாமம் வடக்கின் மக்கள் 1990இல் இடம்பெயர்ந்தார்கள். நிலம் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. உரிமையாளர் உள்ளே போக முடியாத அந்தக் காணிகளில் படையினர் திஸ்ஸ விகாரையைக் கட்டினார்கள். 2023இல் இருந்து போயா (பௌர்ணமி) நாட்களில் அங்கே போராட்டம் நடக்கிறது, தமிழ்த் தேசிய மக்கள் முன்னணி அதில் முன்னால் நிற்கிறது. காணிக்காரர் கையில் காணி உறுதிப் பத்திரம் இருக்கிறது. அரச தரப்பு மாற்றுக் காணியும் நட்டஈடும் பேசுகிறது.

இதில் விகாரை என்ற சொல்லை எடுத்துவிட்டுக் களஞ்சியம் என்று போட்டுப் பாருங்கள். அடுத்தவர் காணியில், அவரது சம்மதமில்லாமல் கட்டிய கட்டடம். சட்டத்தின் விடை ஒரு நிமிடத்தில் வந்துவிடும். விகாரை என்றதும் விடை வராமல் இருப்பதற்குக் காரணம் 9ஆம் உறுப்புரையின் வாசகம் இல்லை, அதன் நிழல்தான். அந்த வாசகத்தில் தனியார் காணியில் கட்டலாம் என்று எதுவும் இல்லை. எங்கள் ஆட்களும் கோபத்தில் இதைச் சைவத்துக்கும் பௌத்தத்துக்குமான சண்டையாகப் பேசிவிடுகிறார்கள். அப்படிப் பேசினால் உறுதிக்காரர் மறைந்துபோகிறார், சாசனத்தைக் காப்பது அரசின் கடமை என்ற வாதம் மேடைக்கு வந்துவிடுகிறது. அந்தப் பக்கத்துக்குத் தேவையானதே அதுதான்.

குருந்தூர்மலையில நீதிமன்ற உத்தரவே எடுபடேல்லையே?

முல்லைத்தீவு நீதிமன்றம் 2022இல் அந்த மலையில் புதிய விகாரைக் கட்டுமானங்களை நிறுத்தச் சொன்னது. வேலை நிற்கவில்லை என்ற முறைப்பாடு தொடர்ந்தது. அந்த வழக்கைக் கையாண்ட நீதிபதி ரி. சரவணராஜா 2023 செப்டெம்பரில் உயிர் அச்சுறுத்தல் என்று காரணம் எழுதிப் பதவியை விட்டு நாட்டையும் விட்டுப் போனார். அதற்கு முன், 2019 செப்டெம்பரில், நாயாறு நீராவியடிப் பிள்ளையார் கோயில் விவகாரத்திலும் இதேதான். பிக்கு ஒருவரின் உடலை வேறிடத்தில் தகனம் செய்யும்படி நீதிமன்றம் சொல்ல, கோயில் கேணியருகிலேயே தகனம் நடந்தது. பொலிஸார் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அரசியலமைப்பை எப்படித் திருத்துவது என்று மணிக்கணக்காகப் பேசும் நாங்கள், இருக்கும் உத்தரவை நிறைவேற்ற வைப்பது எப்படி என்று பேசுவது குறைவு.

தொல்லியல் திணைக்களம் ஏன் எப்பவும் விகாரையைத்தான் கண்டுபிடிக்குது?

1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் மதம் பார்த்து எழுதப்பட்டதல்ல. அதிகாரம் முழுவதையும் கொழும்பில் இருக்கும் ஒரு திணைக்களத்திடம் கொடுத்ததுதான் அதன் குறை. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமைக்கென ஜனாதிபதி செயலணி ஒன்று அமைந்தது. பாதுகாப்புச் செயலாளர் தலைவர், பிக்குகள் உறுப்பினர். தமிழ் முஸ்லிம் மக்கள் பாதிக்கு மேல் வாழும் மாகாணத்துக்கு அமைத்த அந்தச் செயலணியில் தொடக்கத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இல்லை. 2024 மகா சிவராத்திரி இரவு, தொல்லியல் திணைக்களம் உரிமை கோரும் வவுனியா வெடுக்குநாறிமலையில் பூசை செய்யப் போன எட்டுப் பேரைப் பொலிஸ் பிடித்தது. பிறகு வவுனியா நீதவான் அவர்களை விடுவித்தார்.

13ஆம் திருத்தத்தின் மாகாணப் பட்டியலில், தேசிய முக்கியத்துவம் உள்ளவை எனச் சட்டத்தால் பிரகடனப்படுத்தப்படாத புராதனச் சின்னங்கள் மாகாண சபைக்குரியவை. வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் தேர்தல் இல்லை. அந்த அதிகாரத்தைக் கேட்கவே ஆளில்லாமல் இருக்கிறது.

எங்கள் பக்கத்துக்கும் ஒரு வீட்டுவேலை உண்டு. கந்தரோடையில் சிறு தூபிகள் இருக்கின்றன. அவை பௌத்தச் சின்னங்கள்தான். அதற்காக அவை சிங்களவருடையவை ஆகிவிடா. தமிழில் பௌத்தக் காப்பியமே இருக்கிறது, தமிழ்ப் பௌத்தர் வாழ்ந்திருக்கிறார்கள். கந்தரோடைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் இது எங்கள் முன்னோர் வழிபட்ட இடமாகவும் இருக்கலாம் என்று சொல்லக் கூச்சப்படும் வரை, அந்தக் கதையை வேறு ஆட்கள்தான் சொல்வார்கள்.

எங்கட கோயில் யாருடைய சொத்து? தமிழ்நாட்டில இருக்கிறமாதிரி அறநிலையத்துறை இஞ்ச இல்லையே?

இல்லை. இந்து சமய கலாசார அலுவல்கள் திணைக்களத்தில் கோயிலைப் பதியலாம், உதவி கேட்கலாம். அது கோயிலை நடத்துவதில்லை, உண்டியலை எண்ணுவதுமில்லை. பௌத்த விகாரைகளுக்கு 1931ஆம் ஆண்டின் பௌத்த ஆதனங்கள் கட்டளைச் சட்டம் தனியாக இருக்கிறது. எங்கள் கோயில்கள் 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ்தான் வரும். நிர்வாகத்தில் பிழை என்றால், அக்கறையுள்ள ஐந்து பேர் அதன் 102ஆம் பிரிவின் கீழ் மாவட்ட நீதிமன்றம் போகலாம். போகுமுன் அரசாங்க அதிபரிடம் மனுக் கொடுத்து ஆணையாளர் விசாரணை கேட்க வேண்டும். இந்தப் படியைத் தாண்டிப் போய் வழக்கு விழுந்தவர்கள் பலர். யாழ். மாவட்ட நீதிமன்றத்தில் கோயில் வழக்குகள் பரம்பரை பரம்பரையாக நடப்பதை எல்லோரும் அறிவார்கள். நல்லூர் போல ஒரு குடும்பம் ஒழுங்காக நடத்தும் கோயில்களும் உண்டு. பொதுச்சபையே கூடாமல் தர்மகர்த்தா ஒருவர் காலம் முழுக்க இருக்கும் கோயில்களும் உண்டு.

கோயில் வாசலில் அரசின் சட்டம் நல்லதுக்காக வந்து நின்ற நாளையும் மறக்கக் கூடாது. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம், சாதியைக் காரணம் காட்டி ஒருவரைக் கோயிலுக்குள் விடாமல் தடுப்பதைக் குற்றமாக்கியது. தனிச் சிங்களச் சட்டத்தை நிறைவேற்றிய அதே பாராளுமன்றம்தான் இதையும் நிறைவேற்றியது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே போக வந்தபோது, முன்னாள் அமைச்சர் சி. சுந்தரலிங்கம் வாசலில் நின்று மறித்தார். அவர் மீது அந்தச் சட்டத்தின் கீழ் வழக்குப் பாய்ந்தது. எங்கள் மதத்தில் அரசு தலையிடக் கூடாது என்று அன்றும் சொன்னார்கள். யார் சொன்னார்கள், யாரை வெளியில் வைக்கச் சொன்னார்கள் என்று பார்த்தால்தான் அந்த வசனத்தின் பெறுமதி தெரியும்.

தேசவழமை சைவச் சட்டமா? 'ஒரே நாடு ஒரே சட்டம்' வந்தால் போய்விடுமா?

அது மதச் சட்டமே இல்லை. 1706–1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்தது, யாழ்ப்பாணத் தமிழரின் சொத்து வழக்கம். முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (திருமணத்துக்குப் பின் தேடிய சொத்து) எல்லாம் யாழ்ப்பாணக் கத்தோலிக்கருக்கும் அங்கிலிக்கருக்கும் ஒரேமாதிரிப் பொருந்தும். முஸ்லிம்களின் 1951ஆம் ஆண்டு விவாக விவாகரத்துச் சட்டம் மதத்தை ஒட்டியது. இரண்டையும் ஒரே கூடையில் போடுவது தவறு. 2021இல் பொது பல சேனாவின் ஞானசார தேரர் தலைமையில் ஒரே நாடு ஒரே சட்டம் செயலணி அமைத்தபோது இரண்டுக்கும் சேர்த்தே ஆபத்து என்று இங்கே பதறினார்கள்.

தேசவழமையை நான் அப்படியே கட்டிக் காக்கச் சொல்ல மாட்டேன். மணமான பெண் தன் பெயரிலுள்ள காணியை விற்கக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்ற விதியைப் பாதுகாக்க என்ன இருக்கிறது? கணவர் வெளிநாட்டில், அல்லது காணாமல் ஆக்கப்பட்டோர் பட்டியலில். நொத்தாரிசு கந்தோரில் இந்த விதியால் கண் கலங்கி நிற்கும் பெண்கள் எத்தனை பேர். 12ஆம் உறுப்புரை சமத்துவம் சொல்கிறது. ஆனால் 16ஆம் உறுப்புரை, அரசியலமைப்புக்கு முன் இருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைக்கு முரணானாலும் செல்லும் என்று காத்துவிடுகிறது. அதைத் திருத்த நாங்களே முன்வந்து கேட்பது, அடுத்த செயலணி வந்து செய்வதைவிட மேல்.

பாடசாலைகளில சில மிஷன் பள்ளிக்கூடம் இன்னும் தனியாருக்குத்தானே இருக்கு?

1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளை அரசு எடுத்தது. கட்டணம் வாங்காமல் தனியாராக நடத்தும் தெரிவு இருந்தது, சென். பற்றிக்ஸ், சென். ஜோன்ஸ் போன்றவை அதை எடுத்தன. யாழ். இந்துவும் சைவ வித்தியா விருத்திச் சங்கத்தின் பாடசாலைகளும் அரசிடம் போயின. தெற்கில் கத்தோலிக்கரின் பலத்தைக் குறைக்கக் கொண்டுவந்த சட்டம், வடக்கில் சைவரின் பாடசாலைகளையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போனது.

போயா அண்டைக்கு இறைச்சிக்கடை, மதுக்கடை பூட்டுறது ஏன் எங்களுக்கும்?

நாடு முழுவதுக்கும் ஒரே விதி. 1966இலிருந்து 1971 வரை ஞாயிறு விடுமுறையே இல்லாமல் போயாதான் வாராந்த விடுமுறையாக இருந்தது. அதைக் கொண்டுவந்த டட்லி சேனநாயக்க அரசில் தமிழரசுக் கட்சியும் பங்காளி.

கோயிலிலயும் சேர்ச்சிலயும் வோட்டுக் கேக்கலாமா?

பாராளுமன்றத் தேர்தல் சட்டம் அதைக் குற்றமாக்குகிறது. வழிபாட்டுக் கூட்டத்தில் வாக்கைத் திருப்பப் பேசுவது, துண்டுப்பிரசுரம் கொடுப்பது, வழிபாட்டிடத்தில் பிரசாரக் கூட்டம் வைப்பது எல்லாம் முறையற்ற செல்வாக்கு. வாக்குப் போடாவிட்டால் தெய்வக் குற்றம் என்று வெருட்டுவதும் அதில் அடங்கும். திருவிழாவில் வேட்பாளருக்குக் காளாஞ்சி கொடுத்துப் பொன்னாடை போர்த்தி ஒலிபெருக்கியில் பெயர் சொல்வது எந்தப் பக்கத்தில் விழும் என்பதை நீங்களே தீர்மானியுங்கள்.

வடக்கிலும் மதமாற்றத் தடைச் சட்டம் வேண்டும் என்கிறார்களே? சைவர் சைவருக்கே வாக்களிக்க வேண்டும் என்றும்?

சட்டத்தைக் கேட்கிறவர்கள் அதை அமுல்படுத்தப் போவது யார் என்று யோசித்தார்களா? 9ஆம் உறுப்புரையைக் கையில் வைத்திருக்கும் அதே அரசு. எது பலவந்தம், எது ஆசைகாட்டல் என்று வரைவிலக்கணம் எழுதப் போவது அதே கொழும்பு. 2004 சட்டமூலத்தின் பின்னால் நின்றது யார் என்று மேலே சொன்னேன். ஜெபக்கூடங்களுக்குப் போகிறவர்களில் பலர், மாவிட்டபுரத்தில் வாசலில் மறிக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் வயதினர். சட்டம் கேட்பதைவிட அவர்களைக் கோயில் பரிபாலன சபையில் உறுப்பினராக்குவது இலகு. செலவும் குறைவு.

சைவ வாக்கு பற்றி ஒரே பதில்தான். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினார்கள். நாங்கள் பெரும்பான்மையாக இருக்கும் மண்ணில் ஒரு சமூகத்துக்கு என்ன நடந்தது என்பதற்கு ஒஸ்மானியாக் கல்லூரியைச் சுற்றியுள்ள தெருக்கள் சாட்சி. தெற்கிடம் மதச்சார்பின்மை கேட்கிறவர் இங்கே மத வாக்குக் கேட்டால், முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வார்.

எங்கட ஊரில விடிய நாலு மணிக்குக் கோயில் ஸ்பீக்கர். என்ன செய்யலாம்?

வெலிகமவில் ஒரு பள்ளிவாசல் தொடர்பான 2007ஆம் ஆண்டு வழக்கு இதற்கானது. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக் கூடாது, விசேட நாட்களுக்கு மட்டும் விலக்கு என்று உயர் நீதிமன்றம் சொன்னது. கேட்க விரும்பாதவரைக் கேட்கவைப்பது மத உரிமையில் அடங்காது என்பதுதான் அதன் சாரம். கோயில், விகாரை, தேவாலயம், பள்ளிவாசல் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். பொலிஸில் முறையிடலாம். ஊரில் பகை வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பரீட்சைக் காலத்தில் பெற்றோர் பத்துப் பேர் சேர்ந்து போய் ஐயாவிடமும் செயலாளரிடமும் கதைத்தால் அநேகமாக முடிந்துவிடும்.

எங்கட காணிக்குள்ள கட்டடமோ பலகையோ வந்திட்டுது. முதல் எங்க போறது?

உறுதியையும் நில அளவைப் படத்தையும் எடுத்து வையுங்கள். காணிப் பதிவகத்தில் புதிய பதிவுகள் ஏதும் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். கட்டட அனுமதி கொடுக்கப்பட்டதா என்று பிரதேச சபையிடம் எழுத்தில் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டால் பதில் தரவேண்டிய கட்டாயம் உண்டு. திகதியோடு படம் எடுங்கள். சமாதானக் குலைவு வரும் நிலை என்றால் 1979ஆம் ஆண்டின் ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் போகலாம். அது உரித்தைத் தீர்மானிக்காது, உடைமையில் யார் இருந்தார் என்பதை மட்டும் பார்க்கும். உரித்துக்கு மாவட்ட நீதிமன்றம்தான்.

செய்தது அரச அதிகாரி, படை அல்லது திணைக்களம் என்றால் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போடலாம். அதற்கு ஒரு மாதம்தான் அவகாசம். கொழும்புக்குப் போய்ச் சட்டத்தரணி பிடிக்கவே அந்த மாதம் ஓடிவிடும். ஆகவே அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ். அலுவலகத்தில் முறைப்பாடு கொடுங்கள். 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த மாதக் கணக்கில் சேராது. முறைப்பாட்டு இலக்கத்தையும் விசாரணைக்கு அழைத்த கடிதங்களையும் பத்திரப்படுத்துங்கள், விசாரணை உண்மையில் நடந்ததற்குச் சான்று எங்கே என்று நீதிமன்றம் கேட்கும்.